பூக்கடை விடியலைப் படமெடுக்க எந்தச் சின்ன கேமரா?

மல்லிச்சரம் (பினாங்கு):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா லிட்டில் இந்தியாவில் 30 வருடமாகப் பூக் கட்டி விற்கிறார். காலை ஐந்தரைக்கெல்லாம் கடையைத் திறந்துவிடுவோம், எட்டு மணி வரை நானும் கூட இருந்துவிட்டு அங்கிருந்தே வேலைக்குப் போய்விடுவேன். அந்த இரண்டரை மணி நேரத்தைப் படமெடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை. டியூப்லைட்டுக்குக் கீழே அம்மாவின் விரல்கள் சரம் தொடுக்கிற வேகம், ஈரச் சாக்கை உதறிச் சாமந்தியைக் கொட்டுகிற அந்த ஒரு நொடி, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்தால் கை நிற்காமலேயே முகம் மட்டும் நிமிர்வது, இதெல்லாம். அடுத்த வருடம் கடையை விட்டுவிடலாமா என்று அம்மா பேச ஆரம்பித்துவிட்டார், அதனால் தள்ளிப்போட முடியாது.

என்னிடம் கேனன் 700டி இருக்கிறது, கூடவே வந்த 18-55 லென்ஸும், பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் (எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அலமாரியில்தான் கிடக்கிறது. 50ஐப் போட்டால் கடைக்குள் பின்னால் நகர இடமே இல்லை, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். 18-55இல் எடுத்தால் கை எல்லாம் கலங்கிவிடுகிறது. போனில் எடுத்தால் முகச் சுருக்கத்தை வழித்துவிட்டு, மல்லிகையைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிவிடுகிறது.

கையில் 2,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பழையதானாலும் சரி. தினமும் கைப்பையில் கிடக்கிற மாதிரி ஒரு சின்ன கேமரா வேண்டும். லென்ஸ் கழற்றாத காம்பேக்ட் நல்லதா, லென்ஸ் மாற்றக்கூடிய சின்ன மிரர்லெஸ் கேமரா உடம்பில் தட்டை லென்ஸ் போட்டுக்கொள்வதா? பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது.

செந்தூல்_நடை (கோலாலம்பூர்):

தங்கச்சி, கேமரா பெயரை எல்லாம் ஒரு வாரம் மறந்துவிடு. உன் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது, அந்த ஒன்றரை மீட்டர்.

ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து படத்தைப் படுக்கவாட்டில் எடுத்தால் எவ்வளவு அகலம் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டுப் பார். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கில் 28 மி.மீ. பார்வை உள்ள லென்ஸில் சுமார் 1.9 மீட்டர் வரும் (எண் கூடக் கூடப் பார்வை குறுகும்), அம்மா, மேசை, தொங்குகிற மாலைகள், பக்கத்துக் கூடை எல்லாம் அடங்கிவிடும். 35 என்றால் ஒன்றரை மீட்டர். 40 என்றால் 1.35 மீட்டர், அதாவது அம்மாவும் அவர் கை எட்டுகிற இடமும். உன்னிடம் உள்ள 50 அந்த கேனனில் 80 ஆகிவிடுகிறது, ஏனென்றால் படம் பதிகிற அதன் சென்சார் சின்னது, 1.6ஆல் பெருக்க வேண்டும். 80க்கு 70 சென்டிமீட்டர்கூட வராது. நீ பின்னால் போய் அடுத்த கடைச் சுவரில் முட்டிக்கொள்வது அதனால்தான்.

இன்னொன்றைக் கவனி. இன்றைய போன்களின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. பார்வை. ஆகவே 28 பார்வை உள்ள காம்பேக்ட்டை வாங்கினால் சட்டகத்துக்குள் வருவது போனில் பார்த்தது போலவேதான் இருக்கும், தரம் மட்டும் உயரும். சிலருக்கு அதுதான் வேண்டும். சிலர் ஒரு மாதத்தில் சலித்துப்போய் விற்றுவிடுகிறார்கள், நானும் அப்படி ஒருமுறை விற்றவன்.

எது உனக்கு ஒத்துவரும் என்று பார்க்க ஒரு காசு செலவில்லை. அந்த 18-55 லென்ஸை 18இல் வைத்து வளையத்தின் மேல் டேப் ஒட்டு. அது 29 பார்வை. மூன்று நாள் அதில் மட்டும் எடு. அப்புறம் 22 பக்கம் திருப்பி ஒட்டு, அது 35. கடைசி மூன்று நாள் 24, அது 38, கிட்டத்தட்ட 40. படம் கலங்கினால் பரவாயில்லை, எந்தப் பார்வையில் அம்மா அம்மாவாகத் தெரிகிறார் என்று மட்டும் பார். வந்து சொல், பிறகு பேசுவோம்.

நிழல்தேடி (பிரிக்பீல்ட்ஸ்):

அண்ணன் சொன்ன டேப் வித்தை நல்ல வித்தை. ஆனால் நேரடியாகக் கேட்டதால் நேரடியாகச் சொல்கிறேன். தினமும் பையில் கிடக்க வேண்டும் என்றால் ரிக்கோ ஜிஆர் வரிசையை விட்டால் வேறு எதுவும் இல்லை. 2019இல் வந்த ஜிஆர் 3, பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். அதற்குள் உங்கள் 700டி அளவுக்கே பெரிய ஏபிஎஸ்-சி வகை சென்சார், 24 மெகாபிக்சல். பார்வை 28. இரண்டு வருடம் கழித்து வந்த ஜிஆர் 3எக்ஸில் பார்வை 40. இரண்டுமே எஃப் 2.8.

எனக்கு அதில் பிடித்தது ஸ்நாப் ஃபோகஸ். தூரத்தை முன்கூட்டியே 1 மீட்டர், 1.5 மீட்டர் என்று வைத்துவிட்டுப் பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் அந்தத் தூரத்துக்கே எடுத்துவிடும். உங்கள் கடையில் அம்மா உட்காரும் இடம் மாறாது, நீங்கள் நிற்கும் இடமும் மாறாது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? அதோடு, சின்ன கேமராவைப் பார்த்து யாரும் விறைப்பாக நிற்பதில்லை. பெரிய கேமராவைத் தூக்கினால் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள், நீங்கள் எடுக்க நினைத்தது அங்கேயே போய்விடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் கிடையாது, உள்ளேயே ஃபிளாஷ் கிடையாது, பேட்டரி ஒரு முறை சார்ஜுக்கு 200 படம் என்றுதான் கணக்கு, இன்னொரு பேட்டரி பையில் இருக்க வேண்டும். தண்ணீர், தூசிக்கு எதிரான அடைப்பும் இல்லை. பூக்கடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், அதைக் கவனியுங்கள். விலை உங்கள் கணக்கைத் தாண்டும், பழையதையும் பொறுமையாகத் தேட வேண்டியிருக்கும்.

ஆயர்_ஈத்தாம்_பட்டறை (பினாங்கு):

நான் பழைய லென்ஸ்களைப் பிரித்துத் துடைக்கிற பழக்கம் உள்ளவன், தொழிலாக இல்லை, ஆர்வத்தால். நம்ம ஊர்க்காரருக்கு நம்ம ஊர்ப் பிரச்சினையை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். பூஞ்சை.

பினாங்கில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதம் பக்கம் நிற்கிறது. லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவில் பூஞ்சை பிடிக்க அது தாராளமாகப் போதும். அலமாரிக்குள் துணிமணியோடு வைத்த கேமராவைவிடத் தினமும் வெளியே போய் வருகிற கேமரா பிழைத்துக்கொள்ளும், காற்றும் வெளிச்சமும் படுகிறதே. ஆகவே மல்லிச்சரம், முதல் வேலையாக அந்த 50ஐயும் 18-55ஐயும் எடுத்து, பின்பக்கம் போன் டார்ச்சை அடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி மெல்லிய இழை ஓடியிருந்தால் அது பூஞ்சை.

காம்பேக்டா, மிரர்லெஸ்ஸா என்ற கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. கழற்றுகிற லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அந்த லென்ஸ் ஒன்றோடு போகும், சென்சாரில் தூசி உட்கார்ந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு ஊதுபந்தால் ஊதிவிடலாம். காம்பேக்டில் இரண்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும், முழுவதையும் பிரித்தாக வேண்டும். நான் முன்பு வைத்திருந்த ஒரு காம்பேக்டில், லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிற ஒவ்வொரு முறையும் காற்றை இழுத்து இழுத்துச் சென்சாரில் ஒரு பெரிய புள்ளி விழுந்துவிட்டது. வானத்தை எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது தெரியும். துடைக்கக் கேட்ட கூலி அந்தக் கேமரா விலையில் மூன்றில் ஒன்று.

பழையது வாங்கினால் கடையில் நின்றே எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், தூசி புள்ளியாகத் தெரிந்துவிடும். டார்ச் அடித்தும் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வாங்காதீர்கள்.

வீட்டில் ஒரு ட்ரை பாக்ஸ் வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 50க்குள் நிற்கட்டும். பணம் இல்லை என்றால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. அரிசிக்குள் புதைத்து வைக்காதீர்கள், அந்த மாவுத்தூள் எல்லா இடுக்கிலும் போய்விடும். அப்புறம், ராத்திரி ஏர்கோன் ஓடுகிற அறையில் கேமராவை வைத்துவிட்டு விடியலில் வெளியே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் பனி பூத்துவிடும். பைக்குள் மூடியபடியே ஓர் அரை மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் திறவுங்கள். கடைக்குப் போகிற வழியிலேயே அது சரியாகிவிடும்.

ஒத்தைலென்ஸ் (கிள்ளான்):

நான் எல்லோருக்கும் மாறாகச் சொல்லப் போகிறேன். எதையும் வாங்காதீர்கள். சரி, ஒன்றே ஒன்று வாங்குங்கள்: கேனனின் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம். தோசைக்கல் மாதிரி தட்டை, 125 கிராம், உங்கள் கேமரா உடம்பில் பார்வை 38. 700டியோடு சேர்த்து 700 கிராம்தான் வரும். பழையதாக வாங்கினால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி மிச்சம். அம்மா கடையை விடப் போகிறார் என்கிறீர்கள், ஆகவே புதுக் கேமராவின் மெனுவைக் கற்றுக்கொண்டிருக்கிற மாதங்களும் உங்களுக்குச் செலவுதான்.

படம் கலங்குகிறது என்றீர்களே, இங்கே பலர் குழப்பிக்கொள்கிற இடம் அது. கேமராவுக்குள் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதி உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். அம்மாவின் விரல் ஓடுவதை அது நிறுத்தாது, அதை நிறுத்த ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி. அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். உங்கள் 18-55 லென்ஸ் 24 பக்கத்தில் எஃப் 4தான் திறக்கும், இந்த 24 எஃப் 2.8 திறக்கும், வெளிச்சம் இரு மடங்கு. 55இல் நிற்கும் எஃப் 5.6ஓடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு.

எல்லாவற்றையும் கையால் வையுங்கள்: எஃப் 2.8, ஷட்டர் 1/100 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) தேவைக்கு ஏற்ப, உச்சம் 6400. ஏன் 1/100 என்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும், 1/100 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் அதில் ஒரு முழுச் சுற்று விழுந்துவிடும். 1/250, 1/500 என்று ஏற்றினால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, இன்னொன்றில் குறுக்கே பட்டை. விரல் நுனி கொஞ்சம் கலங்கும், கலங்கட்டும், வேகம் தெரிய வேண்டும்தானே.

ரா (RAW) கோப்பாக எடுங்கள், கேமரா திருத்தாத மூலப் படம் அது. பூக்கடையில் இரண்டு தொல்லை உண்டு. குவியலாக மல்லிகை இருந்தால் கேமராவின் அளவி வெளிச்சம் அதிகம் என்று காட்டும், அதை நம்பினால் படம் இருட்டாகி நம் நிறத்து முகம் கரியாகிவிடும், அதனால் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றியே வையுங்கள். சாமந்தி அதற்கு நேர்மாறு. ஏற்றினால் சிவப்பு வழிந்து இதழ் தெரியாமல் ஆரஞ்சுத் திட்டாகிவிடும். முகத்துக்கு ஏற்றுங்கள், சாமந்தியை ரா கோப்பில் மீட்டுக்கொள்ளலாம். முகத்தை அப்படி மீட்க முயன்றால் புள்ளி புள்ளியாக வரும்.

நிழல்தேடி:

ஒத்தைலென்ஸ், வெளிச்சக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் 700 கிராமை யாரும் தினமும் கைப்பையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவர் ஏற்கெனவே ஒரு கிலோவை அலமாரியில் வைத்திருக்கிறார், அதில் கொஞ்சம் குறைந்ததும் எடுத்துக்கொண்டு ஓடுவாரா?

ஒத்தைலென்ஸ்:

கைப்பையில் ஏன் போட வேண்டும்? படமெடுப்பது கடையில். கடையில் ஒரு டப்பாவுக்குள் வைத்தால் போதும். பட்டறைக்காரர் சொன்ன சிலிக்கா ஜெல்லோடு.

செந்தூல்_நடை:

இரண்டு பேருமே சரி. ஃபூஜியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்வார்கள். 2017இல் வந்த எக்ஸ்100எஃப் பழையதாகக் கிடைத்தால் நல்ல பொருள்தான், 35 பார்வை, எஃப் 2 என்பதால் ரிக்கோவைவிட இரு மடங்கு வெளிச்சம், ஷட்டர் சத்தமே கேட்காது. எடை 469 கிராம். ஆனால் அந்த லென்ஸ் எஃப் 2இல் மிக அருகே போனால் கொஞ்சம் புகை படிந்த மாதிரி இருக்கும், விரல்களைக் கிட்டப் போய் எடுக்க எஃப் 2.8, 4க்கு இறக்க வேண்டியிருக்கும், அப்போது அந்த எஃப் 2இன் லாபம் போய்விடுகிறது. 2020இல் வந்த எக்ஸ்100வியில் லென்ஸைத் திருத்திவிட்டார்கள், ஆனால் அதன் விலை உன் கணக்கைத் தாண்டும். கழற்றுகிற வகை வேண்டுமென்றால் எக்ஸ்-ஈ3 உடம்பில் 27 மி.மீ. எஃப் 2.8 தட்டை லென்ஸ், இரண்டும் சேர்த்து 415 கிராம், பார்வை 41. ஜூம் வேண்டும் என்று யாராவது சோனி ஆர்எக்ஸ்100 வகையைச் சொல்வார்கள். அதன் 1 அங்குல சென்சார் பரப்பில் இவற்றில் மூன்றில் ஒரு பங்குதான், அந்த டியூப்லைட்டில் ஜூமை இழுத்தால் திணறும். பகலில் ஊர் சுற்ற நல்லது, உன் வேலைக்கு இல்லை.

மல்லிச்சரம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டேப் ஒட்டி ஒன்பது நாள் எடுத்துப் பார்த்தேன்.

18இல் கடை அழகாக இருந்தது, அம்மா சின்னதாகிவிட்டார். தொங்குகிற மாலை, விலைப்பலகை, எதிர்ப்பக்க மளிகைக் கடை பெயர் எல்லாம் வந்து, கண் அம்மாவிடம் போவதற்கு முன் நாலு இடம் சுற்றி வருகிறது. 22இல் சில நல்ல படங்கள். 24க்கு வந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. மடியில் சரம், விரல், முகம், பின்னால் பாதிக் கூடை, அவ்வளவுதான் உள்ளே வருகிறது, எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஒரே ஒரு இடைஞ்சல், அம்மா சாக்கை உதறும்போது இரண்டடி பின்னால் போக வேண்டும், அதற்கு மட்டும் நடைபாதையில் இறங்கிக்கொள்கிறேன்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். 50இல் ஓரத்தில் இழை ஓடியிருக்கிறது. 18-55 சுத்தம். பட்டறை அண்ணே, அதை என்ன செய்வது?

முடிவாக, பழைய 24 தட்டை லென்ஸ் ஒன்றையும் ஒரு சின்ன ட்ரை பாக்ஸையும் வாங்கிவிட்டேன், பாதிப் பணம்கூடச் செலவாகவில்லை. கேமரா இப்போது கடையில் நூல்கண்டு வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் வீட்டுப் பெட்டிக்கு வரும். மிச்சப் பணத்தை ஜிஆர் 3எக்ஸுக்குச் சேர்த்து வைக்கப் போகிறேன், நிழல்தேடி அண்ணே, கடைக்கு வெளியே எடுக்க ஆசை வந்துவிட்டது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது அம்மாவோடு பின்னால் நடந்துகொண்டே எடுக்க வேண்டும்.

1/100 வைத்த முதல் நாளே நிறம் மாறாமல் வந்தது. ஒரு படத்தை 4ஆர் அளவில் கழுவிக் கொடுத்தேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த முடிச்சு தளர்வாக இருக்கிறதே, இதை யார் கட்டினது என்று கேட்டார். நான் கட்டிய சரம் அது.

ஆயர்_ஈத்தாம்_பட்டறை:

ஓரத்தில் மட்டும் என்றால் படத்தில் தெரியாது, ஆனால் இன்னும் பரவும். அதை உங்கள் ட்ரை பாக்ஸுக்குள் மற்றவற்றோடு இப்போதைக்கு வைக்க வேண்டாம், தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அந்த 50ஐப் பிரிப்பது பெரிய வேலை இல்லை, கண்ணாடிப் பூச்சை இன்னும் அரிக்காமல் இருந்தால் துடைத்தாலே போய்விடும். புது 24க்கு 52 மி.மீ. அளவில் ஒரு சாதாரண ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள், பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற இடம் அது. துடைக்கும்போது சேலை முந்தானையால் துடைக்காதீர்கள், மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும்.